கரிசல் சீமையில் கஷ்டமான லினக்ஸ்: ஒரு சின்ன வரலாறு

லினக்ஸ் என்றவுடன் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது உபுண்டுதான். பென் டிரைவைச் செருகி, நாலைந்து தடவை "அடுத்து" பொத்தானை அமுக்கிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் லினக்ஸில் இன்னொரு வகை உண்டு. ஸ்லாக்வேர், ஜென்டூ, ஆர்ச், லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் என்று பேர் சொன்னாலே பலர் ஒதுங்கிப் போகும் வகை. இவற்றில் "அடுத்து" பொத்தானைத் தேடினாலும் கிடைக்காது. கறுப்புத் திரை, அதில் மினுக்கும் ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான்!

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையைத் தொடங்குவது பற்றியது. அதுவும் சென்னையிலோ பெங்களூரிலோ அல்ல. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என்று நீளும் கரிசல் சீமையில் உட்கார்ந்து ஒருவர் இதைத் தொடங்க வேண்டுமென்றால், 1990களின் கடைசியிலிருந்து என்னென்ன தேவைப்பட்டது என்பதுதான் விஷயம். தீப்பெட்டி, கடலை மிட்டாய், ஹாக்கி, கி.ரா. என்று பேர் வாங்கிய பக்கத்துக்கும் லினக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஒரு மென்பொருளைக் "கஷ்டம்" என்று சொல்கிறோம். அந்தக் கஷ்டத்தில் மென்பொருளின் பங்கு எவ்வளவு, உட்கார்ந்திருக்கும் ஊரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இது ரொம்பத் தோதான இடம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்டது கெர்னலை மட்டுமே. அதாவது என்ஜின் மட்டும்; வண்டி இல்லை. வண்டியைக் கட்டித் தர 1992-ல் எஸ்.எல்.எஸ். என்ற தொகுப்பு வந்தது. அதில் பிழைகள் அதிகம். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த பேட்ரிக் வோல்கர்டிங் அந்தப் பிழைகளைத் திருத்தி, 1993 ஜூலையில் ஸ்லாக்வேர் என்ற பெயரில் வெளியிட்டார். ஃப்ளாப்பி ஃப்ளாப்பியாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எழுத்துப் பெயர் வைத்திருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார்.

ஸ்லாக்வேரின் குணத்தைக் கோவில்பட்டிக்காரருக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். தீப்பெட்டி ஆலைக்குக் குச்சி வந்து இறங்கிவிட்டது, மருந்து வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டெபியன், "மருந்து எங்கே?" என்று கேட்டு அதையும் வரவழைத்த பிறகுதான் அடுத்த வேலையைப் பார்க்கும். ஸ்லாக்வேர் ஒன்றும் கேட்காது. கொடுத்ததை வாங்கி அடுக்கிவிடும். உரசிப் பார்க்கும்போதுதான் பற்றாது என்று தெரியும்! எது எதற்கு எது தேவை என்பதை உபயோகிப்பவரே தெரிந்துவைத்திருக்க வேண்டும். இது சோம்பேறித்தனம் இல்லை, வேண்டுமென்றே எடுத்த முடிவு. முப்பது வருடம் கழிந்தும் ஸ்லாக்வேர் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

சரி, இந்த லினக்ஸ் கரிசல் சீமைக்கு எப்படி வந்து சேர்ந்தது? இணையம் வழியாக என்று நினைத்தால் தப்பு. வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணைய சேவையைத் தொடங்கியது. ஆனால் பெருநகரங்களைத் தாண்டி அது வந்து சேர வருடக்கணக்கில் ஆனது. வந்த பிறகும் டயல்-அப் தான். 56 கே மோடம் என்று பேர். நடைமுறையில் நொடிக்கு நாலு, ஐந்து கிலோபைட் வந்தால் பெரிய விஷயம். 650 மெகாபைட் உள்ள ஒரு சி.டி.யை அந்த வேகத்தில் இறக்கக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 40 மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் டெலிபோன் மீட்டர் ஓட வேண்டும், நடுவில் லைன் அறுந்து போகவும் கூடாது. யார் வீட்டில் விடுவார்கள்?

அதனால் லினக்ஸ் பஸ்ஸிலும் தபாலிலும்தான் வந்தது. 1990களின் பிற்பாதியில் பிசி குவெஸ்ட் பத்திரிகை லினக்ஸ் சி.டி.யை இணைப்பாகக் கொடுக்க ஆரம்பித்தது. இந்தியாவில் ஒரு தலைமுறைக்கு லினக்ஸ் அறிமுகமானதே அந்த சி.டி.களால்தான். 2003-ல் லினக்ஸ் ஃபார் யூ என்ற மாதப் பத்திரிகை தொடங்கியது. அதிலும் சி.டி. உண்டு. உபுண்டு 2004 அக்டோபரில் வெளியானது. கொஞ்ச நாளில் 'ஷிப்இட்' என்ற பெயரில், கேட்டவர்களுக்கு உலகத்தில் எங்கிருந்தாலும் தபால் செலவுகூட வாங்காமல் சி.டி. அனுப்பினார்கள். 2011 ஏப்ரலில் அந்தச் சேவை நின்றது. வெளிநாட்டு முத்திரையோடு ஓர் உறை வீட்டு வாசலில் வந்து விழுந்த சந்தோஷம் அந்தக் காலத்து மாணவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஷிப்இட் அனுப்பியது சுலபமான லினக்ஸை. கஷ்டமான லினக்ஸை யாரும் இலவசத் தபாலில் அனுப்பவில்லை. அதைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது.

சி.டி. கைக்கு வந்தாயிற்று. இனிமேல்தான் கதை.

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. பல மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கியது. அதில் அண்ணனின் புராஜெக்ட் இருக்கும், கடைக் கணக்கும் இருக்கும். அந்த ஒரே ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து லினக்ஸுக்கு இடம் ஒதுக்க வேண்டும். பிரிக்கும் கருவியின் பெயர் எஃப்டிஸ்க். ஓர் எழுத்தைத் தட்டினால் பகுதியை அழிக்கும், இன்னோர் எழுத்தைத் தட்டினால் அதை நிரந்தரமாக எழுதிவிடும். வீட்டில் உள்ளவர்கள் ஏன் பதறினார்கள் என்பது புரிகிறதல்லவா?

அதைத் தாண்டி, மறுபடி கம்ப்யூட்டரை இயக்கினால் திரையில் இரண்டே இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும்: எல், ஐ. அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. லினக்ஸும் வராது, விண்டோஸும் வராது. அப்போது லினக்ஸைத் தொடங்கிவைத்த நிரலின் பெயர் லைலோ. அது தன் வேலையில் ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் தன் பெயரின் ஓர் எழுத்தை அச்சிடும். நாலு எழுத்தும் வந்தால் சுகம். எல்-லோடு நின்றால் ஒரு நோய், எல்-ஐயோடு நின்றால் வேறு நோய். இரண்டாவதற்கு அடிக்கடி காரணம், பழைய பயாஸ் 1024 சிலிண்டருக்கு அப்பால் உள்ள எதையும் படிக்கத் தெரியாமல் இருந்ததுதான். கெர்னல் அந்த எல்லைக்கு வெளியே உட்கார்ந்துவிட்டால் முடிந்தது கதை. டிஸ்க்கின் தொடக்கத்திலேயே ஒரு சின்னப் பகுதியை ஒதுக்கி கெர்னலை அங்கே வைத்தால் சரியாகிவிடும். அரை மணி நேர வேலை.

இந்த விளக்கம் முழுவதும் லைலோவின் கையேட்டில் இருந்தது. கையேடு எங்கே இருந்தது? இயங்க மறுக்கும் அதே டிஸ்க்கிற்குள்! இணையத்தில் பார்க்கலாம் என்றால், இருக்கும் ஒரே கம்ப்யூட்டர்தான் எல்-ஐயில் நிற்கிறதே. பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டும், மணிக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும், தேட வேண்டும், நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும்.

சென்னையில் இதே எல்-ஐ வந்தால் வேறு வழி இருந்தது. இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை மாதம் ஒருமுறை ஐ.ஐ.டி. வளாகத்தில், ஏரோஸ்பேஸ் துறை வகுப்பறை ஒன்றில் கூடும். யார் வேண்டுமானாலும் போகலாம். கேட்டால் ஒருவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். கோவில்பட்டியிலிருந்து சென்னை 550 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு எழுத்துக்காக யார் ராத்திரி பஸ் ஏறுவார்கள்? மென்பொருள் ஒன்றுதான். பிழையும் ஒன்றுதான். ஓர் இடத்தில் இரண்டு நிமிடம், இன்னோர் இடத்தில் இரண்டு வாரம்.

எல்-ஐயைத் தாண்டியவர்களுக்கு அடுத்து மானிட்டர். படத்தோடு கூடிய திரை வேண்டுமென்றால், அந்த மானிட்டர் கிடைமட்டமாக எத்தனை கிலோஹெர்ட்ஸ், செங்குத்தாக எத்தனை ஹெர்ட்ஸ் தாங்கும் என்று ஒரு கோப்பில் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் மானிட்டரே கெட்டுப்போகலாம் என்று அந்தக் கோப்பின் உதவிக் குறிப்பே பயமுறுத்தும். அசெம்பிள் செய்த மானிட்டருக்குக் கையேடு எங்கிருந்து வரும்? ஆனாலும் இதையெல்லாம் மிஞ்சியது மோடம்.

விலை குறைந்த உள்மோடங்களில் பாதி வேலையைச் செய்யும் சில்லே இருக்காது. அந்த வேலையை விண்டோஸில் ஓடும் ஒரு மென்பொருள் செய்யும். அதனால்தான் அதற்கு வின்மோடம் என்று பேர். லினக்ஸில் அது வெறும் தகரத் துண்டு. சில வகைகளுக்குப் பிற்பாடு டிரைவர் எழுதப்பட்டது. ஆனால் அந்த டிரைவர் இணையத்தில் இருந்தது. டிரைவர் கிடைத்தால்தான் இணையம் வரும், இணையம் வந்தால்தான் டிரைவர் கிடைக்கும்! விலை கூடிய வெளிமோடம் வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஆக, லினக்ஸ் இலவசம்தான். லினக்ஸ் ஓடும் சாமான் இலவசம் இல்லை. அந்தக் காலத்தில் "லினக்ஸ் கஷ்டம்" என்று கைவிட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் வின்மோடத்திடம் தோற்றவர்களோ!

இனி மொழி. 1990களின் இறுதியில் தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறிக்க ஏகப்பட்ட முறைகள் இருந்தன. உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கியது திஸ்கி. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி தாம், தாப் என்ற குறிமுறைகள் வந்தன. யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருந்தாலும், அதைத் திரையில் ஒழுங்காகக் காட்டும் மென்பொருள்கள் வரத் தாமதமானது. கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடந்த லினக்ஸ் திரைகளைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்தக் காலத்தில் தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று சிதறியிருந்த தன்னார்வலர்கள் யாஹூ குழுக்களில் கூடி, கே.டி.இ., க்னோம் ஆகியவற்றைத் தமிழாக்கினார்கள். பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. 'ஃபைல்' என்பதற்குக் கோப்பு என்று எழுதலாமா என்று நாள் கணக்கில் வாதாடினார்கள். இன்றைக்கு நாம் யோசிக்காமல் எழுதும் பல சொற்கள் அப்படி வாதாடி நிலைபெற்றவை.

இதில் ஒரு சுவாரசியமான துணுக்கு. லினக்ஸின் அடித்தளமான ஜி-லிப்சி என்ற நூலகத்தில், ஒரு குறிமுறையை இன்னொன்றாக மாற்றும் பகுதி உண்டு. அதில் 2002-ல் திஸ்கியையும் சேர்த்தார்கள். எழுதியவர் புரூனோ ஹைபிள் என்ற ஜெர்மானியர். தமிழின் கொம்பு எழுத்துகளுக்காகத் தனியாக மெனக்கெட்டு எழுதிய நிரல் அது. இன்றைக்கும் உலகத்தில் எந்த மூலையில் ஒருவர் ஜி-லிப்சியை மூலத்திலிருந்து கம்பைல் செய்தாலும், ஓடும் வரிகளுக்கு நடுவில் திஸ்கி என்ற கோப்பும் ஒரு கணம் வந்து போகும். திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணில் படும்.

திரையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் யார் என்றால், லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் செய்பவர்கள்! 1999-ல் ஜெரார்ட் பீக்மன்ஸ் தொடங்கிய திட்டம் இது. உண்மையில் இது லினக்ஸே இல்லை, ஒரு புத்தகம். புத்தகத்தில் சொன்னபடி ஒவ்வொரு நிரலையும் மூலத்திலிருந்து நாமே கட்ட வேண்டும். முதலில் கம்பைலர். ஆனால் கம்பைலரைக் கட்ட ஒரு கம்பைலர் வேண்டுமே? தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். முதல் தடவை பக்கத்து வீட்டில் மோர் வாங்கி உறை ஊற்ற வேண்டும். அதில் உறைந்த தயிரிலிருந்து கொஞ்சம் எடுத்து மறுநாள் ஊற்றினால், அடுத்தது நம் வீட்டுத் தயிர். அதேபோல ஏற்கனவே உள்ள லினக்ஸின் கம்பைலரால் ஒரு தற்காலிகக் கம்பைலரைக் கட்டி, அதைக் கொண்டு ஜி-லிப்சியைக் கட்டி, பிறகு அதற்குள்ளேயே புகுந்துகொண்டு எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். பழைய வீட்டின் வாசனையே புதிய வீட்டில் இருக்கக் கூடாது என்பது கணக்கு.

எவ்வளவு நேரம் ஆகும்? புத்தகம் மணியில் சொல்லாது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒவ்வொரு வேகம் அல்லவா? அதனால் எஸ்.பி.யு. என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். பின்யுடில்ஸ் என்ற முதல் நிரலைக் கட்ட உங்கள் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ அது ஒரு எஸ்.பி.யு. மற்றதெல்லாம் அதன் மடங்கு. ஊருக்கு ஊர் மரக்கால் வேறு, ஆனாலும் ஒரே ஊருக்குள் கணக்குத் தப்பாது என்பது போல!

வரிசை மாறினாலும் தொலைந்தது. கரிசல் மண்ணில் உழுவதற்குப் பதம் பார்க்க வேண்டும். ஈரம் கூடினால் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கல்லாகிவிடும். இடையில் சில நாள்தான் உழவு. இந்தப் புத்தகத்திலும் ஒரு படியைத் தவறவிட்டால் அங்கேயே தெரியாது. பத்துப் படி தாண்டி வேறெங்கோ சம்பந்தமில்லாத ஒரு பிழையாக முளைக்கும். திரும்பிப் போய் ஆரம்பத்திலிருந்து தொடங்குவதுதான் வழி.

2002-ல் இதே வழியில் இரண்டு புதிய பெயர்கள் வந்தன. மார்ச் மாதம் ஆர்ச் லினக்ஸின் முதல் வெளியீட்டை கனடாக்காரரான ஜட் வினெட் கொண்டுவந்தார். அதே மாதம் டேனியல் ராபின்ஸின் ஜென்டூ 1.0 வந்தது. ஜென்டூவும் எல்லாவற்றையும் மூலத்திலிருந்தே கட்டும். ஆனால் வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும். 'எமெர்ஜ்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கலாம்! அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் கே.டி.இ.யைக் கட்ட ஒரு நாள் போய்விடும். ஓபன் ஆபிஸுக்கு நேரம் அதிகம் பிடித்ததால், ஜென்டூக்காரர்களே முன்கூட்டிக் கட்டிய பிரதி ஒன்றையும் வைத்திருந்தார்கள்.

இங்கேதான் ஊர் மறுபடியும் குறுக்கே வருகிறது. தமிழ்நாட்டில் 2008 வாக்கில் தொடங்கிய மின்வெட்டு 2012-ல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு இரண்டு மணி நேரம். தென் மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேல். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். (கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கரண்ட் மட்டும் இருக்காது!) எட்டு மணி நேரம் ஓட வேண்டிய கம்பைல் ஒரு மணி நேரத்தில் அறுந்து போனால்? எமெர்ஜுக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உண்டு. ஆனால் அது தொடர்வது பட்டியலை. பாதியில் நின்ற நிரலை வழக்கமாக முதலிலிருந்துதான் கட்டும். ஒரு மணி நேரத் துண்டுகளில் எட்டு மணி நேர நிரல் ஒருநாளும் முடியாது. அதற்கு ஜென்டூவின் அமைப்புகளுக்குள் புகுந்து, கட்டிய மிச்சத்தை அழிக்காமல் வைக்கச் சொல்ல வேண்டும். உலகத்தின் மற்ற பகுதிகளில் ஜென்டூ உபயோகித்தவர்களில் பலர் அந்த அமைப்பைத் தொட்டே இருக்க மாட்டார்கள். இங்கே அது முதல் பாடம். யு.பி.எஸ். வாங்க முடிந்தவர்களுக்கும் அது பதினைந்து நிமிடம்தான்.

தனி ஆட்கள் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் கல்லூரிக்கும் அரசாங்கத்துக்கும் லினக்ஸ் வந்தது. 2005-ல் மத்திய அரசின் ஆதரவோடு, கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னையில் தொடங்கியது. சி-டாக்கின் சென்னைப் பிரிவும் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சேர்ந்து நடத்தியது. அங்கிருந்து டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2007-ல் வெளிவந்ததுதான் 'பாஸ்' லினக்ஸ். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008 பாடத்திட்டத்தில், கணிப்பொறியியல் மாணவர்களுக்கு ஏழாவது செமஸ்டரில் ஓப்பன் சோர்ஸ் லேப் என்று ஒரு செய்முறைத் தாள் சேர்ந்தது. முதல் பயிற்சியே என்ன தெரியுமா? கெர்னல் மூலத்தை இறக்கி, கம்பைல் செய்து, நிறுவுவது! கஷ்டமான லினக்ஸ்காரர்கள் ராத்திரி முழித்துச் செய்த வேலை, மார்க்குக்குரிய பயிற்சியானது. கோவில்பட்டியில் 1984 முதல் நேஷனல் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் இன்னும் பல வந்துவிட்டிருந்தன. லினக்ஸுக்காகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை என்ற நிலைமை காகிதத்தில் வந்துவிட்டது. ரெக்கார்டு நோட்டில் கட்டளைகளை வரிசையாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்தவர்களுக்கு அது இன்னொரு லேப். நிஜமாகவே கெர்னல் கட்டி, அது இயங்காமல் போய், ஏன் என்று தேடியவர்களுக்கு அந்த ஒரு பயிற்சியே போதுமானதாக இருந்தது.

அரசுப் பக்கத்தில் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2007-ல் பள்ளிகளுக்குச் சுமார் 30,000 கணினிகளில் சூசே என்று அறிவிப்பு வந்தது. பிறகு வந்தது எல்லாவற்றையும்விடப் பெரியது: விலையில்லா மடிக்கணினித் திட்டம். 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியது. முதல் ஆண்டு இலக்கே 9 லட்சத்துக்கு மேல். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் 2 மாணவர்களுக்கும் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவர்களுக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு இயங்குதளம்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதே 2011-ன் அதே மாதங்களில், பொறியியல் மாணவர்கள் ஏழாவது செமஸ்டரில் கெர்னல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். விளாத்திகுளம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி மாணவி, குடும்பத்திலேயே முதல் கம்ப்யூட்டராக ஒரு மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். பத்து வருடத்துக்கு முன்பு ஆளைக் கொன்ற எல்லாத் தடைகளும் அதில் தீர்ந்திருந்தன. டிஸ்க்கைப் பிரிக்க வேண்டாம். எல்-ஐ கிடையாது. மானிட்டர் அலைவரிசை எழுத வேண்டாம். தமிழ் ஒழுங்காகத் தெரியும். மின்வெட்டுக்கு பேட்டரி இருக்கிறது! இயக்கினால் இரண்டு பெயர் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

தேர்வு என்னவோ பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் இருந்தது. இவ்வளவுக்கும் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்பது திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாத பதிப்பு. அதே மெனுவில் அடுத்த வரியில் இருந்த பாஸோ, கெர்னலையே மாற்ற விடும். ஆனால் பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தெரிந்தது விண்டோஸ். கடைக்காரருக்குத் தெரிந்தது விண்டோஸ். படம் பார்க்க, பாட்டுக் கேட்க எதை அமுக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது விண்டோஸ். இணையத்துக்கு வாங்கிய யு.எஸ்.பி. டேட்டா கார்டு, செருகியவுடன் முதலில் தன்னை ஒரு சி.டி. என்று காட்டிக்கொள்ளும். விண்டோஸுக்கான நிரல் அதற்குள்ளேயே இருக்கும். அது ஓடிய பிறகு மோடமாக மாறும். லினக்ஸில் அதை மோடமாக மாற்றத் தனியாக ஒரு நிரலும் அமைப்பும் தேவைப்பட்டது. அந்த நிரல் இணையத்தில் இருந்தது! வின்மோடம் வேறு உருவத்தில் மறுபடி பிறந்து வந்தது போலத்தான்.

பள்ளியிலாவது உதவி இருந்ததா? பிளஸ் 2 கணிப்பொறி அறிவியல் புத்தகத்தில் அப்போது இருந்தது ஸ்டார் ஆபிஸும் சி பிளஸ் பிளஸ்ஸும். கையில் கொடுத்த பாஸைப் பற்றிப் பாடம் இல்லை. கணிப்பொறி எடுக்காத குரூப் மாணவர்களுக்கு அதுவும் இல்லை. செலவில் பெரும் பகுதியான மடிக்கணினியைக் கொடுத்துவிட்டு, செலவே ஆகாத நாற்பது பக்கத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுக்காமல் விட்டதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை. 2011-ல் பாஸ் கஷ்டமான லினக்ஸே அல்ல. கேட்பதற்கு ஆள் இல்லாத ஊரில் சுலபமான லினக்ஸும் கஷ்டமான லினக்ஸ் ஆகிவிடும், அவ்வளவுதான்.

அந்தப் புத்தகத்தை அரசாங்கத்துக்கு வெளியே இருந்தவர்கள் எழுதினார்கள். 2012 ஜனவரியில் கணியம் என்ற தமிழ் மின்னிதழ் தொடங்கியது. த. ஸ்ரீனிவாசனும் நண்பர்களும் நடத்தியது. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில், யாரும் நகல் எடுத்துப் பகிரலாம் என்ற உரிமத்தோடு. அதில் தொடராக வந்தவை புத்தகங்களாயின, து. நித்யாவின் 'எளிய தமிழில்' வரிசையில் லினக்ஸுக்கும் ஒன்று உண்டு. பி.டி.எஃப். ஒன்று பென் டிரைவில் ஏறிவிட்டால் அப்புறம் இணையம் எதற்கு? எல்-ஐயில் நின்றவர்களுக்கு இப்படி ஒன்று கையில் இருந்திருந்தால் எத்தனை பஸ் சார்ஜ் மிச்சமாகியிருக்கும்!

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக மாறியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பின்பு, 40 மணி நேரம் என்ற அந்த சி.டி. கணக்கு நிமிடக் கணக்கானது. எல்-ஐ மாதிரி ஒரு பிழை வந்தால் கையில் உள்ள போனில் தேடலாம். கஷ்டமான லினக்ஸ்களும் இடம் மாறின, அதுவும் வேடிக்கையாக. ஆர்ச்சில் முன்பு இருந்த நிறுவல் நிரலை 2012 ஜூலையில் எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் கட்டளையாகவே அடிக்கச் சொன்னார்கள். அதுவரை இருந்ததைவிடக் கஷ்டம்! ஆனாலும் ஆர்ச் அந்தக் காலத்தில்தான் பெரிதாகப் பரவியது. காரணம் அதன் விக்கி. ஒவ்வொரு அடிக்கும் ஏன், எதற்கு என்று எழுதி வைத்திருந்தார்கள். 2021 ஏப்ரலில் வழிகாட்டும் நிறுவல் நிரல் ஒன்று மறுபடி சி.டி.யில் சேர்ந்தது. ஜென்டூ 2023 டிசம்பரில், விரும்பியவர்களுக்கு முன்கூட்டிக் கட்டிய நிரல்களையே பரவலாகக் கொடுக்க ஆரம்பித்தது. ஸ்லாக்வேர் மட்டும் அசையவில்லை. 2022 பிப்ரவரியில் 15.0 வந்தபோதும் "மருந்து எங்கே?" என்று அது கேட்கவில்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் லினக்ஸ் சேர்ந்தது 2018-ல். பதினோராம் வகுப்பின் புதிய கணினி அறிவியல் புத்தகத்தில், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே உபுண்டுவையும் வைத்து ஒரு பாடம் வந்தது. 2011-ல் முதல் மடிக்கணினியை வாங்கிய பிளஸ் 2 மாணவர்கள் அதற்குள் படிப்பு முடித்து வேலை தேடி சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் படித்துவந்த கம்ப்யூட்டரில் பாஸ் லினக்ஸ், மெனுவின் ஒரு வரியில், அப்படியே இருந்தது.